உள்ளங்கால் பொட்டு

என் அண்ணனின் இடது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி, ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. எங்கள் தோட்டத்து ஆட்கள் அதற்கு அம்மன் பொட்டு என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

தோட்டம் என்று வாய் பழக்கத்தில் சொல்கிறேன். அங்கே இப்போது எங்கள் ஆட்கள் யாரும் குடியிருப்பதில்லை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், தொழிலாளர் லயங்களை இடித்தார்கள், நாங்கள் அம்பாங்கானிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலும் சிதறிப் போனோம். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. தீமிதி வந்துவிட்டால் போதும், தாமான்களில் இருந்து காடி காடியாக வந்து இறங்கி, நேற்றுவரை அங்கேயே ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மாதிரி ஆளாளுக்கு அதிகாரம் செய்வார்கள்.

அண்ணன் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டினான். வாயில்லாப் பூச்சி. அண்ணி அதட்டினால் சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்குப் போய்விடுவான். ஆனால் தீமிதி அன்று அவன்தான் எல்லாம். கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பூக்குழியில் முதல் காலை வைப்பவன் அவன். அவன் இறங்கிக் கடந்த பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். ஒரு வருடம், நெருப்பைக் கடந்ததும் கால் நனைக்கும் பால்குழியில் இருந்து ஏறி உட்கார்ந்தவனுக்குக் கால் துடைத்துவிட்ட யாரோ அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டார்கள். நெருப்பு சுட்டால் கொப்புளம் அல்லவா வரும், இது மை வைத்த மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் சொல்ல, ஆத்தா முத்தம் கொடுத்த இடம் என்று இன்னொருவர் சொல்ல, அதோடு முடிந்தது கதை. மறு வருடத்தில் இருந்து அவனை நாற்காலி போட்டு உட்கார வைத்து, காலில் மஞ்சள் நீர் ஊற்றி, புள்ளியைச் சுற்றிக் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். ஆத்தா வைத்ததில் மருந்து படக்கூடாது, கத்தி படக்கூடாது என்று சட்டமும் போட்டார்கள்.

அந்த வருடங்களில் நான் தீமிதிக்குப் போகவில்லை. பொட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. படித்த பெண், கிண்டல் செய்வாள் என்று நினைத்திருப்பார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் வேலை பார்ப்பதே தோல் புற்றுநோயில்தான். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆய்வு உதவியாளர். தினமும் சிரம்பானில் கொமுட்டர் ரயில் ஏறிப் போய், மெலனோமா என்ற புற்றுநோயின் செல்களைத் தட்டுகளில் வளர்த்து, அவற்றின் வளர்ச்சியை எப்படி அடக்கலாம் என்று பார்த்துவிட்டு வீடு திரும்புகிறேன். அந்தச் செல்கள் எல்லாம் வெளிநாட்டில் இருந்து வாங்கியவை. வெயிலில் வெந்த வெள்ளைக்காரர் யாருடைய முதுகில் இருந்தோ எப்போதோ எடுத்தவை.

ஒரு சனிக்கிழமை அண்ணன் என் வீட்டுக்கு விசிறி மாட்டிக் கொடுக்க வந்தான். வேலை முடிந்ததும் காலுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் காலை நீட்டி கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். காலுறையில் ரத்தக் கறை இருந்தது. குனிந்து பார்த்தேன். பொட்டுக்கு இருக்கும் வட்டம் அதற்கு இல்லை. ஓரம் பிய்ந்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு, நடுவில் வெடித்து ஈரம் கசிந்தது.

"என்னாண்ணே இது?"

"ஒன்னும் இல்லலா பாப்பா. ஆத்தா பொட்டு. இப்பத்தான் கொஞ்சம் வெடிச்சிருக்கு."

"டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"கிளினிக்ல காட்டிட்டேன். நெருப்புல நடக்கிற கால், தோல் தடிச்சிருக்குன்னாரு. கிரீம் குடுத்தாரு. கேன்சரா இருக்குமான்னு ஒன் அண்ணி கேட்டா. சிரிச்சிட்டாரு. ஒங்க தோலுக்கு அதெல்லாம் வராதாம். வெள்ளக்காரனுக்குத்தான் வருமாம்."

நான் டாக்டர் இல்லை. செல்லைப் பார்த்தவளே தவிர, மனிதர் காலைப் பார்த்துப் பழகியவள் இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கறுப்புத் தோலுக்கு வெயிலால் வரும் மெலனோமா குறைவு, உண்மைதான். ஆனால் எங்களுக்கு வருவது வெயிலே படாத இடத்தில் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். இது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். அதைப் படித்து பாஸ் செய்துவிட்டுத்தான் அந்த மனிதர் பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறார்.

திங்கட்கிழமை நானே எம்.சி. விடுப்பு போட்டுவிட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். தோல் பிரிவில் காத்திருக்கும் இடத்துச் சுவரில் தோல் புற்றுநோய் பற்றிப் பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். கடற்கரை, குடை, வெள்ளைக்காரப் பெண்ணின் முதுகில் ஒரு மச்சம். அதற்குக் கீழே மலாய்க்காரர்களும் சீனர்களும் நாங்களுமாக நிறம் நிறமாக உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்கும் அந்த முதுகு இல்லை. அண்ணன் படத்தையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நமக்கு இல்ல பாப்பா, வா போலாம்" என்றான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

உள்ளே இருந்த இளம் பெண் மருத்துவர் காலைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். மெலனோமாதான். குதிகால் பக்கம் அகலமாக வெட்டி எடுத்துவிட்டு, தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், தாமதிக்காதீர்கள் என்றார். உடனே நாளும் ஒதுக்கிக் கொடுத்தார்.

அந்த நாள் தீமிதிக்கு முந்திய வாரத்தில் விழுந்தது. அண்ணன் கேட்ட ஒரே கேள்வி, தோல் ஒட்டிய காலோடு நெருப்பில் இறங்கலாமா என்பதுதான். இனி எப்போதுமே முடியாது என்று மருத்துவர் சொன்னார். 

இந்த நேரம் பார்த்து எங்கள் ஆய்வகம் செய்தியில் வந்தது. நாங்கள் செய்யும் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாரும் தப்பாகத்தான் சொன்னார்கள். நம் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற புரதம் இருக்கிறது. கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட சொல். குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடித்துக் கவ்விக்கொள்வது அதன் வேலை. ஆனால் அது பெரிய உருவம். தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா மாதிரி செல்லுக்கு வெளியே நின்றுதான் வேலை செய்யும். உள்ளே விட்டாலும் அங்கே இருக்கும் சூழலில் அதன் கட்டு அவிழ்ந்து உருக்குலைந்துவிடும். புற்றுநோயின் அட்டகாசமோ செல்லுக்கு உள்ளே நடக்கிறது. வளரு, வளரு என்று ஓயாமல் விரட்டும் புரதங்கள் உள்ளேதான் இருக்கின்றன. ஒட்டக இனத்து விலங்குகளுக்கு இன்னும் எளிமையான ஒரு வகை ஆன்டிபாடி உண்டு. அதன் நுனியை மட்டும் தனியே எடுத்தால், அந்தச் சின்னத் துண்டு செல்லுக்குள்ளும் குலையாமல் நிற்கும், கவ்வும் திறமையும் போகாது. அந்தத் துண்டைச் செய்யும் மரபணுவைப் புற்றுச் செல்லுக்குள் நாங்கள் புகுத்துகிறோம். செல் தன் கையாலேயே அந்தத் துண்டைச் செய்துகொள்ளும். துண்டு போய், விரட்டுகிற புரதத்தைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். செல் சாகாது, வளர்வது மெதுவாகும். அவ்வளவுதான். அதுவும் தட்டில். மனிதர் கிடக்கட்டும், எலிக்குக்கூட நாங்கள் இன்னும் கொடுத்ததில்லை. ஓர் உடம்புக்குள் பரவிக் கிடக்கும் புற்றுச் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது எங்களுக்குத் தெரியாது.

பல்கலைக்கழகத்துச் செய்திப் பிரிவில் இருந்து வந்த பெண்ணிடம் பேராசிரியர் இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னார். அந்தப் பெண் எழுதியதில் 'தட்டில்' என்ற சொல் கடைசிப் பத்திக்குப் போயிற்று. அதைத் தமிழில் எடுத்துப் போட்டவர்கள் கடைசிப் பத்தியையே தூக்கிவிட்டார்கள். வாட்ஸ்அப்புக்கு வந்தபோது ஒட்டகத்தின் படமும், கண்ணாடி மாட்டிக்கொண்டு நான் நிற்கும் படமும், 'தோல் புற்றுநோய்க்கு மருந்து ரெடி, நம்ம சிரம்பான் பொண்ணு சாதனை' என்ற வரியும்தான் மிச்சம். கோயில் குழுவில் எனக்குக் கைகூப்பும் படங்களாக வந்து விழுந்தன. மறுத்து எழுதினேன். பணிவைப் பாருங்கள் என்று அதற்கும் கைகூப்பினார்கள்.

அந்த வார இறுதியில் கோயில் தலைவர் அண்ணன் வீட்டுக்கு வந்தார், பூசாரியையும் கூட்டிக்கொண்டு. கையில் ஒரு டின் ஒட்டகப் பால் பவுடர். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி அதை வாங்கி சாமி மேடையில் வைத்தாள்.

"எதுக்குலா கால வெட்டணும்?" என்றார் தலைவர். "தங்கச்சி கையிலயே மருந்து இருக்கு. பேப்பர்ல போட்டுட்டான். தீமிதி முடியட்டும், தங்கச்சி ஒரு ஊசி போட்டா சரியாப் போச்சி."

"தலைவரே, அது மருந்து இல்ல. ஊசியும் இல்ல. ஆய்வகத்துல, தட்டுல இருக்கிற செல்லுக்குத்தான் செஞ்சி பாக்கிறோம்."

"செல்லுக்குக் கேக்குதுல்ல? அப்ப மனுசனுக்குக் கேக்காதா? மனுசனும் செல்லுதானே?"

 தலைவர் ஒன்றும் முட்டாள் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனக்குப் பல்வலி என்றால் அன்றைக்கே சிரம்பானில் பெரிய டாக்டராகப் பார்த்துப் போகிறவர். அடுத்தவன் கால் என்றால் மட்டும் அவருக்கு நம்பிக்கை ஊற்றெடுக்கும். கரகம் தூக்க வேறு ஆள் இல்லை, பந்தல் போட்டாகிவிட்டது, எல்லாரும் அந்தப் பொட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அவர் சொல்லாமல் விட்டது இதுதான். நான் முகத்துக்கு நேரே அதைச் சொன்னேன். அண்ணி என்னை முறைத்தாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். தலைவர் பூசாரியைப் பார்த்துத் தலையசைத்தார். பூசாரி மடியில் இருந்து மஞ்சள் துண்டு கட்டிய கயிற்றை எடுத்து, அண்ணனின் கையைப் பிடித்து, அங்கேயே காப்புக் கட்டிவிட்டார். கோயிலில், அம்மன் முன்னால், கொடியேறிய பிறகு கட்ட வேண்டிய காப்பு. அதை வீட்டு ஹாலில், டிவி ஓடிக்கொண்டிருக்க, அவசர அவசரமாகக் கட்டினார்கள். காப்புக் கட்டிய உடம்பில் கத்தி படக்கூடாது. தீமிதி முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை ஆஸ்பத்திரி அவனைத் தொட முடியாது என்று திட்டம் போட்டே வந்திருக்கிறார்கள்.

நான் சமையலறைக்குள் போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "தாலிய அறுக்கப் பாக்கிறியா பாப்பா? காப்ப அறுத்தா அவரு இருப்பாரா?"

"காப்பு இருந்தா இருப்பாரா? அதச் சொல்லு மொதல்ல!"

அண்ணன்தான் எழுந்து கத்தரிக்கோலை என் கையில் இருந்து வாங்கினான். "விடு பாப்பா. கடைசித் தடவ. ஒரு மாசந்தானே. முடிஞ்சதும் நீ சொல்ற எடத்துல வெட்டிக்கிறேன்."

தொழிற்சாலையில் அவன் பெயர் யாருக்கும் தெரியாது. வீட்டில் அவன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். வருடத்தில் ஒரு நாள் அவன் முன்னால் நடப்பான், ஊர் பின்னால் வரும். அதை விட்டுக்கொடு என்று கேட்பது எனக்கு எளிதாகத்தான் இருந்தது. அவனுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துமே எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அவனே போன் செய்தான்.

தீமிதிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கரகத்தோடு நெருப்பைக் கடந்து பால்குழியில் இறங்கினான். நொண்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். வெடிப்பு பெரிதாகியிருந்தது. ரத்தம் வந்த இடத்தில் குங்குமத்தை அப்பினார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையின் தலையைக் கொண்டுவந்து அந்தக் காலில் வைத்தாள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்க் குழந்தையைப் பிடுங்கினேன். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று எனக்குத் தெரியாதா? என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். "இது பொட்டு இல்லடி, கேன்சர்! ஆளக் கொன்னுக்கிட்டு இருக்கு!" என்று கத்தினேன். மேளக்காரர்களை ஓங்கி அடிக்கச் சொல்லித் தலைவர் கையைக் காட்டினார்.

பிறகு அறுவை நடந்தது. குதிகால் பக்கம் வெட்டி எடுத்தார்கள். தொடை இடுக்கு நெறியிலும் புற்று இருந்தது. முதலில் குறித்த நாளிலேயே செய்திருந்தால் பரவாமல் இருந்திருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நேர்மையான பதில். அந்த 'சொல்ல முடியாது' என்ற சொல்லைத் தலைக்கு வைத்துக்கொண்டு தலைவர் இன்றும் நிம்மதியாகத் தூங்குகிறார்.

வெட்டியதில் ஒரு துண்டை ஆய்வுக்குக் கொடுக்க முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அண்ணன் யோசிக்கவே இல்லை. "பாப்பா ஆபீசுக்குத்தானே? எடுத்துக்கச் சொல்லு" என்றான். பேராசிரியருக்கு மகிழ்ச்சி. எங்களிடம் உள்ளங்கால் மெலனோமா செல் இருந்ததே இல்லை. அரிய மாதிரி, அரிய மாதிரி என்று நாலு தடவை சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "அரியதா சார்?" என்று கேட்டேன். "எங்க ஆளுங்க காலத் திருப்பிப் பாத்தீங்களா யாராச்சும்? பாத்தாத்தானே தெரியும் அரியதா இல்லையான்னு." அவர் நல்ல மனிதர். அந்தச் சொல்லை அதன் பிறகு அவர் சொன்னதில்லை.

அண்ணனின் செல்கள் தட்டில் பிடித்துக்கொண்டன. முதலில் மெல்ல, பிறகு காட்டுத்தனமாக வளர்ந்தன. ஆன்டிபாடித் துண்டைச் செய்யும் மரபணுவை நானே என் கையால் அவற்றுக்குள் புகுத்தினேன். பாதித் தட்டுகளுக்குப் புகுத்தி, பாதியைச் சும்மா விட்டோம். சும்மா விட்டவை தட்டை நிறைத்துவிட்டன. துண்டு உள்ளே போனவை அங்கொன்றும் இங்கொன்றுமாக அடங்கிக் கிடந்தன. பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குள் அண்ணன் வீட்டில் கட்டிலோடு கிடந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துகள் அவனுக்குக் கேட்கவில்லை. புற்று நெஞ்சுக்கும் பரவி இருமல் வந்துவிட்டது. நான் போகும்போதெல்லாம் அவன் கேட்பது ஒன்றுதான்.

"என்னோடது எப்பிடி இருக்கு பாப்பா? வளருதா?"

"மெதுவாத்தான் வளருதுண்ணே. துண்டு போட்டது அடங்கிக் கெடக்கு."

அவன் முகம் மலர்ந்தது. "கேட்டியா?" என்றான் அண்ணியிடம். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு கூரையைப் பார்த்தபடி அவன் கேட்டான்.

"எனக்குப் போட முடியாதுல்ல?"

"முடியாதுண்ணே. ஒடம்புக்குள்ள எல்லாத்துக்கும் கொண்டுபோயிச் சேக்கத் தெரியல. இன்னும் யாருக்கும் தெரியல."

என் வாழ்நாளில் அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று அவன் தாடை இறுகியது. கட்டில் சட்டத்தை ஒரு தடவை ஓங்கிக் குத்தினான். "அப்ப அந்தத் தட்டுல இருக்கிறவன் குடுத்து வச்சவன்லா" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த கொடியேற்றத்துக்கு அவன் இல்லை. கரகத்துக்கு வேறு ஆள் பிடித்துவிட்டார்கள். ஆய்வகத்தில், அவன் செல்களை உறைய வைத்துவிடலாமா, உனக்குச் சிரமமாக இருக்குமே என்று பேராசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போதும் கொமுட்டரில் போய் இறங்கியதும் முதல் வேலையாக இன்குபேட்டரைத் திறந்து, தட்டில் இருக்கும் பழைய ஊட்ட நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுகிறேன். என் அண்ணனைக் கொன்றது அதுதான். என் அண்ணனில் உயிரோடு மிச்சம் இருப்பதும் அதுதான். பட்டினி போட்டுக் கொன்றுவிடலாம் என்று கை பரபரக்கிறது. ஊற்றாமல் ஒரு நாளும் வந்ததில்லை.